காது போவதற்கு முன் கேட்க வேண்டியவை

மட்டாஞ்சேரியில் யூதத் தெருவுக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு காப்பிக் கடை திறந்திருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பழைய எல்.பி. ரெக்கார்டுகளை ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். ஆணி நடு ஓட்டை வழியாகத்தான் போகிறது என்பதால் எனக்குப் புகார் எதுவும் இல்லை. நான் ஒரு காலத்தில் இதே பஜாரில் ரெக்கார்டு கடையில் வேலை பார்த்தவள் என்று கடையை நடத்தும் இளம் தம்பதிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். உட்காரவைத்து சாயா கொடுத்தார்கள்.

"சேச்சி, கேட்டே ஆகவேண்டிய ராக், ஃபோக் ஆல்பம் ஒரு பத்து எழுதித் தாங்க. பலகையில எழுதி வாசல்ல வைக்கிறோம்" என்றார் அந்தப் பெண்.

"யாருக்கு?"

"யாரா இருந்தாலும்."

அப்படி ஒரு வாடிக்கையாளர் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. பத்துப் பெயர் எழுத உட்கார்ந்தேன். ஒன்றுகூட எழுத வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பலகை கொஞ்சம் பெரிதாகத் தேவைப்படும்.

என் அப்பா மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ் ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். வடையும் போண்டாவும் அவர் பொறுப்பு. அந்த ஹோட்டலில் இருந்து தினமும் இட்லி வாங்கி அனுப்பச் சொல்லும் குஜராத்தி அம்மா ஒருவர் உண்டு. தாராபென் என்று பெயர். அவர் கணவர் மிளகுத் தரகர். மிளகில் சலிப்பு வந்து, கிடங்கின் முன்பக்கத்தைத் தடுத்து ரெக்கார்டு கடை போட்டார். கடை போட்ட கையோடு மாரடைப்பில் போய்விட்டார். தாராபென் கடையை மூடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் என் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க மகளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வருமோ?" என்று கேட்டார்.

"வாசிப்பா. பேசினா யாருக்கும் புரியாது" என்றார் அப்பா.

"பேசண்டா. வாசிச்சா மதி." வாசித்தால் போதுமாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் இப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தாராபென் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர். மலையாளம் சரளமாக வரும். என்னோடு மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். குஜராத்தியும் மலையாளமும் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. கடையில் இருந்ததில் பெரும்பங்கு இங்கிலீஷ் ரெக்கார்டு. கப்பல்காரர்கள் சிங்கப்பூரில் இருந்தும் ஏடனில் இருந்தும் கொண்டுவந்து விற்றவை கொஞ்சம். ஃபோர்ட் கொச்சியில் தங்கியிருந்த ஹிப்பிகள் ஊர் திரும்பச் செலவுக்கு விற்றுவிட்டுப் போனவை நிறைய. விற்றவர்களே மறுநாள் வந்து, விற்ற ரெக்கார்டைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாராபென் அவர்களுக்கு மோர் கொடுப்பார்.

முதல் வாரம் எனக்குத் தலைவலி. ராக் என்றால் கிட்டாரில் கரண்ட் விட்டு, டிரம்ஸை உடைப்பதுபோல் அடித்து, நடுவில் ஒருவர் கத்துவது என்று புரிந்துகொண்டேன். ஃபோக் என்றால் கரண்ட் இல்லாமல் கதை சொல்வது. இரண்டாம் வாரம் தலைவலி போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை நாளில், வீட்டில் எதையோ காணோமே என்று தேடிக்கொண்டிருந்தேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

வேலை என்று பார்த்தால் முக்கால்வாசி துடைப்பதுதான். கிடங்கில் இருந்து மிளகுத் தூசி வந்து ரெக்கார்டின் கோடுகளில் இறங்கிவிடும்; ஊசி அதன்மேல் போனால் பொரியும் சத்தம் கேட்கும். மழைக்காலத்தில் உறைக்குள் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு சில சொட்டு விட்டு, நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல் உள்ளங்கையில் ஏந்தி, பழைய வெல்வெட்டுத் துணியால் கோடு போகும் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் தாராபென் ஒன்றும் சொல்லமாட்டார். துணியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். மறுநாள்தான் துணி திரும்பக் கிடைக்கும். கழுவிய ரெக்கார்டுகளைத் தட்டு அடுக்கும் மரச் சட்டத்தில் நிறுத்திக் காயவைப்போம். அந்தச் சட்டம் அவர் சமையலறையில் இருந்து வந்தது.

தாராபென்னுக்குப் பாட்டு பிடிக்காது. இதை அவர் மறைத்ததும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை. "எனக்கு எல்லாம் ஒண்ணுதான். அதனால யாரையும் ஏமாத்தமாட்டேன்" என்பார். ஒரு ரெக்கார்டை நல்லது என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்காத ரெக்கார்டைப் பற்றி அதையும் சொல்லக் கூடாது. வருகிறவரிடம் "என்ன பாட்டு பிடிக்கும்" என்று கேட்கவும் தடை. "அதுக்கு எல்லாரும் பொய்தான் சொல்லும்" என்பது அவர் கருத்து. கேட்க வேண்டியவை மூன்றே மூன்று: எந்த அறையில் பாடப்போகிறது, அந்த அறையில் வேறு யார் இருப்பார்கள், பாடும்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்.

எறணாகுளம் பக்கம் தேவராவில் இருந்து வரும் காலேஜ் பையன்கள் இதைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள். பிறகு யோசித்துப் பதில் சொல்வார்கள். பதில் வந்ததும் எந்த ரெக்கார்டு என்பது ஏறக்குறைய தானாகவே தெரிந்துவிடும்.

ஆல்பங்களின் நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கடையில் யாரும் அந்தப் பெயரில் கேட்டதில்லை. தாராபென்னுக்கு இங்கிலீஷ் தெரியாததால் உறையில் உள்ள படத்தை வைத்தே பெயரிட்டோம். வாடிக்கையாளர்களும் அப்படியே பழகிவிட்டார்கள். 'குடை' ஒரு ஃபோக் ஆல்பம். கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுகிறார்கள், ஒருவருக்கொருவர் கோபத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டாலே தெரியும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குத் தரக்கூடாது. கொஞ்சம் வருடம் போனவர்களுக்குத் தரலாம். 'நாற்காலி' ராக். சமையல் செய்கிறவர்கள் அதைக் கேட்டால் எல்லாவற்றிலும் காரம் கூடிப்போகும். 'மூன்று நாய்' ஃபோக். ஒரு பெண், ஒரு கிட்டார், வேறு ஒன்றும் இல்லை. உச்சத்தில் போகிற குரல், நூல் மாதிரி. எனக்கு அதுதான் உயிர். மழை விட்ட பிறகு, துணி காயப்போடும்போது கேட்க வேண்டும்.

'ஏணி' என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு பக்கம் முடியும்போது வேறு எதுவும் இல்லாமல் டிரம்ஸ் மட்டும் போகும். படகுத்துறையில் இருந்து கிளம்பிய படகு கண்ணுக்கு மறைகிற வரைக்கும் போகும். இஞ்சி வியாபாரி ஷேணாய் ஒருநாள் வந்தார். மனைவியின் தம்பி வந்து தங்கி மாதங்கள் ஆகிவிட்டன, கிளம்புகிற எண்ணமே இல்லை, அவனைக் கிளப்புகிற ரெக்கார்டு ஏதாவது உண்டா என்று கேட்டார். தாராபென் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த அறை என்று கேட்டார். அவன் படுத்திருக்கும் ஹால். வேறு யார்? மனைவி, அம்மா, நான். பாடும்போது என்ன செய்வீர்கள்?

"நான் ஒண்ணும் செய்யமாட்டேன். அவன் பெட்டி கட்டணும்" என்றார் ஷேணாய்.

நான் 'ஏணி'யை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஷேணாய்க்கு முன்னால் அந்த மைத்துனன், தாராபென் பாஷையில் அளியன், கடைக்கு வந்தான். அதே கோஷ்டி வேறு ரெக்கார்டு போட்டிருக்கிறதா என்று கேட்டான். இரண்டு நாள் கழித்து ஷேணாய் ரெக்கார்டைத் திருப்பித் தர வந்தார்.

"ரெக்கார்டுல கோளாறு வல்லதும் உண்டோ?" என்றார் தாராபென்.

"ரெக்கார்டுல இல்லை."

"அப்போ அளியன்லதான் கோளாறு. அளியனை நாங்க திரும்ப எடுக்கிறதில்லை."

மைத்துனன் பிறகு பக்கத்துத் தெருவிலேயே கல்யாணம் செய்துகொண்டு குடியிருந்தான். எங்களுக்கு நல்ல வாடிக்கையாளர்.

இனி முத்தையா அண்ணாச்சி. எத்தனையோ பேருக்கு ரெக்கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு எடுத்துக் கொடுத்ததுபோல் சிரமப்பட்டதில்லை.

எழுபதுகளின் கடைசி. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கிய சமயம். தோளில் துண்டும் கையில் மடக்காத குடையுமாக ஒருவர் வாசலில் நின்றார். குடையில் இருந்து தண்ணீர் உள்ளே சொட்டக் கூடாது என்று தாம் நனைந்துகொண்டு குடையை வெளியே பிடித்திருந்தார். தூத்துக்குடிக்காரர். தேவராப் பக்கம் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் துரு தட்டுகிற வேலை. கப்பலின் பக்கவாட்டில் பலகையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சுத்தியலால் துருவைத் தட்டி உதிர்ப்பார்கள். சில நாள் கப்பலின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தட்ட வேண்டும். இரும்புக்குள் உட்கார்ந்து இரும்பைத் தட்டுவது. இருபது வயதில் இருந்து அதைச் செய்துவந்தார்.

"தங்கச்சி, எங்காது போகுதாம்" என்றார். சந்தையில் கத்திரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னார். "எறணாகுளத்துல டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. மெலிசு சத்தமெல்லாம் மொதல்ல போவுமாம். கனத்த சத்தம் கடைசியாப் போவுமாம். போறதுக்கு முன்னாடி, கேக்க லாயக்கான பாட்டு என்னென்ன உண்டோ அதெல்லாம் போடு. கேட்டுக்கிடுதேன்."

தமிழ்ப் பாட்டு எடுக்கவா என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. உரக்கக் கேட்டேன்.

"அதெல்லாம் உள்ள கெடக்கு. காது போனாலும் ஓடும். இதுவரைக்கும் கேக்காததைத்தான இப்பக் கேக்கணும்? வெள்ளைக்காரன் கப்பல்ல அறைக்குள்ள பாட்டுப் போடுவான். நான் வெளிய தொங்கிக்கிட்டுத் தட்டுவேன். சுத்தியலுக்கும் சுத்தியலுக்கும் நடுவுல கொஞ்சம் கொஞ்சம் கேக்கும். ஒரு பாட்டையும் முழுசாக் கேட்டதில்லை."

தாராபென் கல்லாவில் இருந்து எழுந்து வந்தார். எந்த அறை என்று கேட்டார். வீட்டில் ரெக்கார்டு பெட்டி கிடையாது, இங்கேதான் கேட்கவேண்டும் என்றார் அண்ணாச்சி. வேறு யார் இருப்பார்கள்? நீங்க ரெண்டு பேருந்தான். பாடும்போது என்ன செய்வீர்கள்?

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "கேப்பேன்" என்றார்.

அத்தனை வருடத்தில் அந்தப் பதிலை யாரும் சொன்னதில்லை. சாப்பிடுவேன் என்பார்கள், சீட்டாடுவேன், படிப்பேன், தூங்குவேன் என்பார்கள்.  தாராபென் என்னிடம், "இவருக்கு விக்கண்டா. ஞாயிற்றாழ்ச்ச கடை அடைச்சிருக்கும்போ வரட்டும். நீயும் வா" என்றார். எனக்கு ஞாயிறு வேலை உண்டா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அண்ணாச்சி எறணாகுளத்தில் இருந்து படகில் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, நெற்றியில் திருநீறு. கல்யாணத்துக்கு வந்தவர்போல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னிடம் உள்ளதில் சிறந்ததைத் தர வேண்டும் என்று 'மூன்று நாய்' போட்டேன். ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டார். முடிந்ததும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கிட்டார் நல்லாக் கேக்குது. யாரும் பாடமாட்டாகளா?"

"பாடினாளே அண்ணாச்சி."

"யாரு?"

"ஒரு பொம்பளை."

அவர் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாடினாளா?" என்றார். கோபமில்லை, சோகமும் இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பதுபோல் கேட்டார். நான் ரெக்கார்டை உறையில் போட்டேன்.

அன்றைக்கு வேறு சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். சிலது அவருக்கு ஓட்டை விழுந்த துணிமாதிரி வந்தது. சிலது வரவே இல்லை. எந்த ரெக்கார்டில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என் காது நல்ல காது. அவருக்கு எடுத்துக் கொடுக்க அதனால் உபயோகமில்லை. அவர் போன பிறகு தாராபென் கடைக்கும் மிளகுக் கிடங்குக்கும் நடுவில் இருக்கும் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். பழைய காலத்துச் செங்கல் சுவர், ஒரு முழத்துக்கு மேல் கனம்.

"விசாலி, நீ அந்தப் பக்கம் போய் உட்காரு. நான் இங்க ரெக்கார்டு வைக்கட்டும். கனத்த சத்தந்தான் சுவர் கடந்து வரும். அதுதான் அவருக்குக் கேக்கும்."

அடுத்த சில வாரங்கள் மதிய நேரத்தில், பஜார் ஓய்ந்திருக்கும்போது, நான் கிடங்கில் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைக் கேட்டேன். பாட்டு பிடிக்காத தாராபென் அந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார். எனக்கு ஓயாத தும்மல். மூட்டை தூக்குகிறவர்கள் எட்டிப் பார்த்து, "சேச்சிக்கு என்ன சிட்சையா?" என்று கேட்டார்கள். ஆமாம், தண்டனைதான் என்று சொல்லிவிட்டேன்.

சுவர் பெரிய நீதிபதி. உலகம் கொண்டாடிய ராக் ஆல்பங்கள் அதைத் தாண்டி வரவில்லை. கிட்டார் வீறிடுவதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இந்தப் பக்கம் யாரோ பாத்திரம் உருட்டுவதுபோல் ஏதோ கேட்டது. 'ஏணி'யில் டிரம்ஸ் வந்தது, பாட்டு வரவில்லை. ஆனால் 'நனைந்த கோட்டு' என்று நாங்கள் யாருக்கும் அதிகம் எடுத்துக் கொடுக்காத ஒரு ராக் ஆல்பம், அதன் பேஸ் என்கிற அடித்தந்தி கிட்டார் யாரோ நிதானமாக மாடிப்படி இறங்குவதுபோல் சுவரைத் தாண்டி இறங்கி வந்தது. 'வாத்து' என்று ஒரு ஃபோக் ஆல்பம். உறையில் ஒரு வாத்தும் ஒரு கிழவரும். விற்காமல் கிடந்தது. கனத்த குரலில் ஒரு மனிதர் பெரிய ஃபிடில் ஒன்றின் துணையோடு ஆறு, நிலக்கரி, குதிரை, இறந்துபோன அண்ணன் என்று பாடுகிறார். அது முழுசாக வந்தது. ஒரு சொல்கூடச் சுவரில் தங்கவில்லை. தாராபென்னிடம் போய் இதுதான் என்றேன்.

"நல்லதோ?" என்று கேட்டார். அவர் வாயில் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"வருது" என்றேன்.

அண்ணாச்சி ஞாயிறுதோறும் வந்தார். 'நனைந்த கோட்டு' கேட்டுவிட்டு, "இந்தத் தம்பி அவசரப்படமாட்டான்" என்றார். இன்னொரு ராக் ஆல்பத்துக்கு, "இது எங்க பட்டறைதான். இதுக்கா படகேறி வரணும்?" என்றார். 'வாத்து' கேட்கும்போது பேசவே மாட்டார். அர்த்தம் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று தெரியும் என்றார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "தண்ணி வத்திப்போச்சுங்கான்." பாட்டு வெள்ளத்தைப் பற்றியது. நான் திருத்தவில்லை. தாராபென் திருத்தச் சொல்லவில்லை.

மழை முடிந்து வெயில் வந்த ஒரு ஞாயிறு, பாதி மூடிய கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். ஒல்லியான உடம்பு, இடுப்பில் செருகிய முந்தானை. அண்ணாச்சி வாசலுக்கு முதுகைக் காட்டி ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 'வாத்து' ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றார் அந்த அம்மா. கீச்சென்ற மெல்லிய குரல். அண்ணாச்சி திரும்பவில்லை.

"ஏங்க! உங்களைத்தான்!"

எங்களைப் பார்த்துக் கொட்டத் தொடங்கினார். அவர் பெயர் பாக்கியம். மாதக் கணக்கில் வீட்டில் இந்த மனுஷன் பதில் பேசுவதில்லை. சோறு போடவா என்றால் பேச்சில்லை, ரேஷன் வாங்கணும் என்றால் பேச்சில்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று அழுது கேட்டும் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு படகேறுவது. எங்கே போகிறார் என்று பின்னாலேயே வந்து பார்த்தால், இங்கே இரண்டு பொம்பளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷ் பாட்டு.

 தாராபென் நடந்துபோய் ஊசியைத் தூக்கினார். கடை அமைதியாயிற்று. அந்த அமைதியில், அண்ணாச்சிக்கு இரண்டடி பின்னால் நின்று, பாக்கியம் அம்மா இன்னொரு முறை கூப்பிட்டார். இந்த முறை கத்தினார்.

அண்ணாச்சி திரும்பாமலேயே, "ஏன் நிறுத்திட்ட தங்கச்சி? இன்னும் ஒரு பாட்டு இருக்கே" என்றார்.

பாக்கியம் அம்மாவின் கை முந்தானையில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தாராபென்னைப் பார்த்தார். தாராபென் ரெக்கார்டில் என்ன இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். "சேச்சி, அவருக்குக் காது போய்க்கிட்டிருக்கு. உங்க சத்தம் மெலிசு. அது மொதல்லயே போயாச்சு. கனமாப் பேசினா இப்பவும் கேக்கும்."

 பாக்கியம் அம்மா கணவர் பக்கத்தில் போய், குனிந்து, தொண்டையை அடக்கி, ஆண்பிள்ளைக் குரலில், "என்னங்க" என்றார்.

அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"என்ன, ஒனக்குச் சளியா?"

அவர் தலையில் அந்த அம்மா ஒரு அடி போட்டார். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அதே கட்டைக் குரலில், "எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

"சொன்னா நீ அழுவ. அழுறது எனக்குக் கேக்காது. ரெண்டு பேருக்கும் பிரயோசனம் இல்லைல்லா?"

பாக்கியம் அம்மா அழுதார். உண்மையிலேயே அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தார். தாராபென் மாடிக்குப் போய் மோர் கொண்டுவந்தார். ஊசியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னார். அந்தக் கடைசிப் பாட்டை நாலு பேரும் கேட்டோம்.

அதன்பிறகு இரண்டு பேருமாக வந்தார்கள். பாக்கியம் அம்மா இங்கிலீஷ் பாட்டை ரசித்ததாகச் சொல்லமுடியாது. அந்தக் கனத்த குரல்காரர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்துக் கேட்பார். வீட்டில் அதுபோல் பேசிப் பார்த்தாராம். எந்த வார்த்தை கேட்டது, எது கேட்கவில்லை என்று வந்து சொல்வார். 'சோறு' கேட்கிறது, 'சீனி' கேட்கவில்லை. தேவராவில் அக்கம்பக்கத்தார் அவருக்குத் தொண்டையில் ஏதோ நோய் என்று முடிவு செய்து ஒருவர் கஷாயம்கூடக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வாங்கிக் குடித்துவிட்டாராம்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. அண்ணாச்சி ஸ்பீக்கர் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு ஞாயிறு 'வாத்து' இரண்டு பக்கமும் முடிந்தது. வேறு எதை எடுக்க என்று கேட்டேன். கையைக் காட்டி வேண்டாம் என்றார்.

"போதும் தங்கச்சி. இன்னும் எம்புட்டுக் காது பாக்கியிருக்குன்னு தெரியலை. இருக்கிறதை இங்கயே செலவு பண்ணிட்டா, வீட்ல இவ பேசுறதுக்கு என்ன செய்ய?"

காது அப்படிச் செலவாகிற பொருள் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தாராபென் 'வாத்து' ரெக்கார்டை உறையோடு எடுத்து அவரிடம் நீட்டினார். வீட்டில் பெட்டி இல்லையே என்றார் அண்ணாச்சி. பாக்கியம் அம்மா வாங்கிக்கொண்டார். படம் நன்றாக இருக்கிறது என்றார்.

எண்பதுகளில் கேசட் வந்தது. ஆல்பம் கேட்டு யாரும் வரவில்லை. இதில் ஒன்று, அதில் ஒன்று என்று பாட்டைப் பொறுக்கிக் கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார்கள். நானும் ஏற்றிக் கொடுத்தேன். தாராபென் அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. கடலையில் கல் பொறுக்குவதும் அரிசியில் கல் பொறுக்குவதும் தமக்கு ஒன்றுதான் என்றார். பிறகு அவர் மகனோடு இருக்கப் பம்பாய் போனார். கடையை வாங்கினவர் கீழே மூலிகை எண்ணெய் விற்றார். கேசட்டுக்காக என்னை ஒரு ஓரத்தில் கொஞ்ச காலம் வைத்திருந்தார். 'குடை', 'நாற்காலி', 'நனைந்த கோட்டு' எல்லாம் யார் யாரிடமோ போயின. கிடைத்தால் கேளுங்கள். எந்த அறையில், யாரோடு, என்ன செய்துகொண்டு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் ஒருநாள் மத்தியானம் எறணாகுளம் படகுத்துறையில் பாக்கியம் அம்மாவைப் பார்த்தேன். பையில் கப்பைக் கிழங்கும் மீனும். முகம் மாறவில்லை. பேசத் தொடங்கியதும் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை கட்டைக் குரல். பழைய குரல் திரும்ப வரவே இல்லையாம், அவரும் தேடவில்லையாம்.

அண்ணாச்சி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காக. வேலைக்குப் போறதில்லை. காது சுத்தமாப் போச்சு."

எப்போது என்று கேட்டேன். படகு வந்து கரையில் இடித்தது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் பையை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"போன வருசம். ஒரு ராத்திரி, சாப்பிட வாங்கன்னேன். வந்தாக. மறுநாளும் கூப்பிட்டேன். வரலை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். வந்தாக."